சமீபம் என்பது எது?

பெங்களூர் விவேக் நகரில் வசிக்கும் நம்மிடம் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று யாரேனும் வினவினால், "பத்து நிமிஷம்" என்றே விடை கூறுகிறோம். தூரத்தைக் கேட்டவருக்குக் காலத்தைச் சொல்லும் இவ்வழக்கம் பிழையன்று. கணித சாஸ்திரம் இதே முடிவுக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

1854-ஆம் ஆண்டில் லண்டன் ஸோஹோ பகுதியில் வாந்திபேதி பரவியது. பிராட் தெருக் குழாயின் நீரே காரணம் என்று ஐயுற்ற டாக்டர் ஜான் ஸ்னோ, அக்குழாய்க்கும் சுற்றியிருந்த பிற குழாய்களுக்கும் சம தூரத்திலுள்ள இடங்களை இணைத்துப் படத்தில் ஒரு கோடு வரைந்தார். அவர் கணக்கிற்கொண்டது நேர்கோட்டுத் தூரத்தை அன்று. நீர் கொணர மக்கள் தெருவழியே நடக்கும் தூரத்தை. மரணங்கள் அக்கோட்டின் உட்புறத்திலேயே மிகுந்திருந்தன.

1956-இல் டச்சுக் கணக்கறிஞர் டைக்ஸ்ட்ரா, ஆம்ஸ்டர்டாம் நகரின் காப்பிக் கடையொன்றில் அமர்ந்து, இருபது நிமிஷத்தில் குறுகிய வழி காணும் முறையை வகுத்தார். நெதர்லாந்தின் 64 ஊர்களைக் கொண்டு அது கணிப்பொறியில் செய்து காட்டப்பட்டது, 1959-இல் அச்சேறியது. ஊர்களும் அவற்றை இணைக்கும் சாலைகளும் மட்டுமே உள்ள உலகத்துக்கு அது போதும். ஆனால் மனிதன் எந்தச் சந்திலிருந்தும் புறப்படுவானே!

அச்சிக்கலை 2002-இல் ஐக்ஹோல்ட்சர், அவுரன்ஹாமர், பலோப் என்னும் மூவர் ஆராய்ந்தனர். தெருக்களில் நடந்து செல்வோர் இடையே விரைவுப் பாதையொன்றை அடைந்தால் என்ன நிகழும்? குளத்தில் கல்லெறிந்தாற்போல ஓரிடத்திலிருந்து பரவும் அலை, அப்பாதையைத் தொட்டதும் ஊசிபோல் முன்னே பாய்கிறது. ஆகவே ஓர் ஆஸ்பத்திரிக்குரிய எல்லை, பாதையை ஒட்டி நீண்ட கரம்போல் வளர்கிறது. அருகிலிருப்பவரை விடுத்துத் தொலைவிலிருப்பவரை அது தழுவிக்கொள்வதும் உண்டு.

பெங்களூரில் 2011 அக்டோபர் 20-இல் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அப்பாதை விவேக் நகருக்கு வடக்கே செல்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் 4 கிலோமீட்டரிலுள்ள ஆஸ்பத்திரியை 48 நிமிஷத்தில் அடைவார். ரயில் மணிக்கு 36 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். நிலையம் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்தால், அங்கிருந்து 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆஸ்பத்திரிக்கு 38 நிமிஷமே ஆகும். தூரத்து ஆஸ்பத்திரியே சமீபமாகிவிடுகிறது! நிலையம் 3 கிலோமீட்டரில் இருந்தாலோ 56 நிமிஷம். மூவரும் பாதையின் எவ்விடத்திலும் ஏறலாம் என்று கொண்டனர். ரயிலோ நிலையத்தில்தான் நிற்கும். அங்கே பத்து நிமிஷம் காத்திருக்க நேர்ந்தால், முன்னவர் பெற்ற ஆதாயமும் கரைந்துவிடும்.