உண்மையைக் கேட்பதிலிருந்து அபிப்பிராயம் கேட்பதற்கு: மறதிநோய்க்கு மருந்தில்லாச் சிகிச்சையின் வரலாறு

பிராங்பர்ட் ஆஸ்பத்திரியில் தாம் கண்ட, மறதிநோயுற்ற ஒரு பெண்மணியின் மூளையில் படிந்திருந்த கசடுகளையும் முறுக்குண்ட இழைகளையும் அலோய்ஸ் அல்ஸைமர் 1906ஆம் ஆண்டு டூபிங்கன் நகரத்து வைத்தியர் சபையில் விவரித்தார் எனினும், அந்நோய் நடுவயதினருக்கு அபூர்வமாக வருவது என்றும், முதியோரின் மறதி வயோதிகத்தின் விளைவே என்றும் நெடுங்காலம் கருதப்பட்டமையால், மறதியுற்ற முதியவருக்குச் செய்யத்தக்க சிகிச்சை ஒன்று உண்டென்னும் எண்ணம் எளிதில் எழவில்லை. இரண்டும் பெரும்பாலும் ஒரே வியாதி என்று ராபர்ட் காட்ஸ்மன் வாதிட்டு எழுதியது 1976இல்தான்.

அதற்கு முன்பே, 1958 வாக்கில், அமெரிக்காவின் கன்ஸாஸ் மாகாணத்து டொபீகா நகரில், முன்னாள் படைவீரர்களின் ஆஸ்பத்திரியில், ஜேம்ஸ் ஃபோல்ஸம் என்னும் வைத்தியர் ஒரு புதிய பிரயத்தனத்தைத் தொடங்கினார். இடத்தின் பெயர், கிழமை, தேதி, வானிலை, அடுத்த வேளை உணவு ஆகியவற்றைப் பலகையில் எழுதிவைத்து, நோயாளியுடன் பழகுவோர் யாவரும் அவற்றையே சளைக்காமல் எடுத்துரைத்து, தடம் தவறிய மனத்தை நடப்புக்கு மீட்பதே அவர் நோக்கம். 1965க்குப் பின் அலபாமாவின் டஸ்கலூஸா ஆஸ்பத்திரியில் இம்முறை விரிவடைந்து, அங்கிருந்து பல தேசங்களுக்கும் பரவியது. தாதியரையும் பணியாட்களையும் சிகிச்சையில் பங்காளிகளாக்கிய அதன் சிறப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆயினும் பரவிய வேகத்தில் அம்முறையின் உள்ளீடு வறண்டது. இன்று என்ன கிழமை என்று நாள்தோறும் வினவப்பட்டு, நாள்தோறும் தவறி, நாள்தோறும் திருத்தப்படும் முதியவருக்கு அது சிகிச்சையாகாமல் பரீட்சையாயிற்று. என்றோ இறந்துபோன தாயைத் தேடும் மூதாட்டியிடம் அவள் இறந்துவிட்டாள் என்று சொல்வது, மறந்த துக்கத்தைப் புதிதாக விளைவிப்பதேயன்றி வேறென்ன? ஓஹையோ மாகாணத்தில் முதியோரிடையே பணிபுரிந்த நவோமி ஃபைல், திருத்துவதை விடுத்து அவர்களுடைய உணர்ச்சியை ஏற்றுக்கொள்க என்று கூறி வேறு நெறியொன்றை வகுத்தார். கடந்த காலத்தை நினைவுகூர்தல் முதுமைக்கு இயல்பான மனத்தொழில் என்று ராபர்ட் பட்லர் 1963இலேயே எழுதியிருந்த கருத்தும் பலரை ஈர்த்தது. ஃபோல்ஸத்தின் முறை மெல்ல மதிப்பிழந்தது.

அதை முற்றிலும் தள்ளிவிடாமல் பரிசோதித்துப் பார்த்த பெருமை ஏமி ஸ்பெக்டர், பாப் வுட்ஸ், மார்ட்டின் ஓரல் முதலிய பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களைச் சாரும். பழைய சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து, அவற்றில் பயன் தந்த அம்சங்களைத் திரட்டி, வாரம் இருமுறை, முக்கால் மணி நேரம், ஏழு வாரங்களில் பதினான்கு அமர்வுகள் என்று அவர்கள் அமைத்த முறையே அறிவுத்தூண்டல் சிகிச்சை. குழுவினர் தம் குழுவுக்குத் தாமே பெயரிட்டுக்கொள்வர். ஒரு பாட்டோடு கூடுவர். இளமைப் பருவம், உணவு, நாட்டு நடப்பு, ஓசைகள், பணம் என ஒவ்வொரு நாளும் ஒரு விஷயத்தைப் பற்றிச் சம்பாஷிப்பர். ஃபோல்ஸத்தின் பலகையும் அங்கே இருக்கிறது. மாறியது வினாவின் தன்மை. இரு முகங்களின் படத்தைக் காட்டி, இவர் யார் என்று கேளாமல், இவ்விருவருக்கும் பொதுவானது என்ன, உங்களுக்கு எவரைப் பிடிக்கிறது என்று கேட்கிறார்கள். உண்மையைக் கேட்டால் பதில் தவறலாம். அபிப்பிராயத்தைக் கேட்டாலோ தவறுவதற்கு இடமில்லை, சிந்தனையோ அங்கும் விழிக்கவே செய்கிறது. இச்சிகிச்சையின் உயிர்நிலை இதுவே என்பது என் துணிபு.

முதியோர் இல்லங்களிலும் பகல்நேர நிலையங்களிலுமாக 201 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2003இல் வெளியாயிற்று. சிகிச்சை பெற்றவரின் அறிவாற்றலும் வாழ்க்கைத் தரமும், பெறாதவரினும் மேம்பட்டன. அறிவாற்றலில் கண்ட பலன் அக்காலத்து மருந்துகளின் பலனுக்கு ஒப்பானது என்றும் ஆசிரியர்கள் கணக்கிட்டனர். நோயின் போக்கை இது நிறுத்திவிடும் என்று எவரும் கூறவில்லை. கூறுவது குடும்பங்களை வஞ்சிப்பதாகும். 2006இல் பிரிட்டனின் அரசாங்க வழிகாட்டு நெறிகள் இச்சிகிச்சையை ஏற்றன. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நம் நாட்டுச் சூழலுக்கேற்ப இதனை மாற்றியமைத்து, அம்முயற்சியை 2017இல் வெளியிட்டனர்.

வீட்டிலிருந்தபடியே உறவினர் ஒருவர் நோயாளியுடன் தனியே இதனைச் செய்தால் என்னாகும் என்ற சோதனை, 356 இணைகளைக் கொண்டு பின்னர் நடைபெற்றது. நோயாளியின் அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் விளையவில்லை. ஆனால் தம்மைப் பராமரிப்பவரோடுள்ள உறவு முன்னிலும் நன்றாயிருக்கிறதென்று நோயாளிகளே மதிப்பிட்டிருந்தனர்.