கலங்கிய ஆற்றின் கெளுத்திகள்

1879 நவம்பரில் ஒரு பிற்பகல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரச் சந்தைக்கு ஸ்டீட்மன் என்பவர் போனார். மிசௌரி மாநில மீன் ஆணையத்தின் தலைவர் அவர். மிசிசிப்பியின் பெரிய கெளுத்தி ஒன்று வேண்டும் என்று வாஷிங்டனிலிருந்து மத்திய அரசின் மீன் ஆணையர் ஸ்பென்சர் பேர்டு எழுதிய கடிதம் அன்று காலைதான் அவர் கைக்கு வந்திருந்தது. சந்தையில் இரண்டு கிடந்தன. ஒன்று 144 பவுண்டு, இன்னொன்று 150. பெரியதை வாங்கி அனுப்பிவைத்தார். 150 பவுண்டு என்றால் 68 கிலோ, ஆள் கனம். மறு ஆண்டு டார்ல்டன் பீன் என்ற ஆய்வாளர் அதைப் புது இனம் என்று கருதி, லத்தீனில் 'கனத்தது' என்று பொருள்படும் பொண்டெரோசஸ் என்ற பெயரைச் சூட்டினார். அது ஏற்கெனவே அறிந்திருந்த நீலக் கெளுத்தி இனமே என்று பிற்பாடு தெளிவானது.

கடிதம் கிடைத்த அன்றே, சொல்லிவைக்காமல், அப்படி இரண்டு மீன்கள் சந்தையில் கிடந்தன என்பதுதான் இதில் பெரிய செய்தி.

மிசௌரி ஆறு மிசிசிப்பியில் வந்து விழும் கூடலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது செயின்ட் லூயிஸ். மிசௌரி கொண்டுவரும் வண்டலால் தண்ணீர் எப்போதும் கலங்கலாகவே ஓடும். அந்த நீரில் கண்ணை நம்பி இரை தேட முடியாது. கெளுத்திக்கு மீசை மட்டுமல்ல, செதிளற்ற உடம்பு முழுவதுமே நாக்குதான். தோலெங்கும் சுவை மொட்டுகள். பகலில் ஆழமான குழிகளில் அடங்கிக் கிடக்கும் மீன், கோடையில் இருட்டியதும் மேய்ச்சலுக்காகக் கரையோரம் ஒதுங்கும். படகில்லாத நகரத்து ஏழைக்கு இது பெரிய கொடை. ஆற்று நடுவுக்கு அவன் போக வேண்டியதில்லை; இரவில் மீனே அவனைத் தேடி வரும்.

அந்த மீனின் பருமன் தொடக்க காலத்தில் வந்த வெள்ளையர்களையே மிரட்டியிருக்கிறது. 1673-இல் இந்த ஆற்றில் வந்த பாதிரியார் மார்க்கெட்டின் தோணியைப் பெரிய மீனொன்று முட்டியது. மிதந்து வந்த மரந்தான் மோதியதோ என்று அவர் எண்ணினார். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின்னும் ஆறடிக்கு மேல் நீளமுள்ள கெளுத்தி ஒன்றைப் பிடிக்கிறான். அதை வெறும் கதை என்று தள்ளிவிட முடியாதபடி ஸ்டீட்மனின் மீன் சாட்சி சொல்கிறது.

கரையில் பிடிக்கும் முறை எளியது. கவைக்கம்பைச் சேற்றில் ஊன்றித் தூண்டில் கோலை அதில் சாய்த்து, நுனியில் சிறு மணியைக் கட்டுவார்கள். இரை கோழி ஈரல், வெட்டிய மீன், மண்புழு, இல்லாவிட்டால் குடலைப் புரட்டும் நாற்றமுள்ள பாலாடைக்கட்டிப் பிசைவு. நாற்றம் நீரில் பரவப் பரவ மீன் அதன் வழியே எதிர்நீச்சலிட்டு வரும். தட்டைத்தலைக் கெளுத்திக்கு மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது; அதற்கு உயிரோடு துள்ளும் மீன் வேண்டும். மணி குலுங்கியதும் ஓடிப்போய்க் கோலைத் தூக்க வேண்டும். கரைக்கு இழுத்த பிறகும் கவனம் தேவை. பக்கத் துடுப்பின் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பது நம்மூரில் கெளுத்தி பிடித்தவர்களுக்குத் தெரியும்.

வியாபாரிகளின் முறை வேறு. நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில்களைக் கட்டி இரவெல்லாம் ஆற்றில் கிடத்துவார்கள். வளையம் கோத்த நீள்கூடு வலைகளையும் போடுவார்கள். பெரிய கெளுத்தி முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். விடாமல் பிடித்தால் எந்த ஆறு தாங்கும்? கூடவே, 1960களின் பிற்பகுதி வரை நகரத்தின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் கலந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர் எழும்பி ஊருக்கும் ஆற்றுக்கும் குறுக்கே நின்றது. ஸ்டீட்மன் போகிற போக்கில் வாங்கிய மீன், காணக் கிடைக்காததாயிற்று.

1992-இல் மிசௌரி ஆற்றில் விற்பனைக்காகக் கெளுத்தி பிடிப்பதை மாநில அரசு நிறுத்தியது. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்குத் தடையில்லை. இந்த முடிவைக் கொண்டாடத்தான் வேண்டும். மீன்கள் எண்ணிக்கையிலும் பருமனிலும் மீண்டன. 2005-இல் நகருக்குச் சற்று மேலே, ஆல்டன் அருகே மிசிசிப்பியில் 124 பவுண்டு நீலக் கெளுத்தி சிக்கியது. அன்றைக்கு அது உலக சாதனை. காட்சித் தொட்டியில் விடுவதற்காக உயிரோடு கொண்டுபோனபோது வழியிலேயே செத்தது. அத்தனை காலம் ஆற்றில் பிழைத்த மீன் லாரிப் பயணத்தில் மாண்டதை நினைத்தால் மனம் கனக்கிறது.

2010 ஜூலையில், கூடலுக்கு அருகே மிசௌரி ஆற்றில், ஓர் இரவில் 130 பவுண்டு மீன் படகிலிருந்து வீசிய தூண்டிலில் மாட்டியது. சாதனை மறுபடி இந்த ஊர்ப் பக்கமே வந்தது. முள்ளில் கோத்த இரை வெள்ளிக்கெண்டைத் துண்டு. ஆசியாவிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுபோய், தப்பி, அமெரிக்க ஆறுகளில் பெருகிவிட்ட, நம் ஊர்க் குளங்களிலும் வளர்க்கிற அதே மீன்.