மகன்களின் பெயரால்

இறந்த பிள்ளையின் பெயரால் ஆலயத்திற்கு மணி வாங்கித் தருகிறோம்; பள்ளியில் பரிசு நிறுவுகிறோம்; நினைவுநாளில் ஏழைகளுக்கு உணவளிக்கிறோம். துயரத்திற்கு ஒரு பயனைத் தேடுவது மனித இயல்பு. ஆனால் பிள்ளையைப் பறித்துச் சென்ற நோயையே எதிர்த்து நிற்கத் துணிந்த பெற்றோரும் உண்டு. அவர்கள் ஏற்றிவைத்த சிறு விளக்குகள் அரியதொரு இரத்தப் புற்றுநோயின் வரலாற்றில் எங்கெங்கு ஒளி தந்தன, எவ்விடத்தில் அவ்வொளி மட்டும் போதாமற் போயிற்று என்பதை இங்கே சிந்திப்போம்.

வால் தெருவில் ஒரு சிற்றறை

1944-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ராபர்ட் ரோஸ்லர் டி வில்லியர்ஸ் என்னும் 16 வயதுச் சிறுவன் இரத்தப் புற்றுநோயால் மாண்டான். வசதிமிக்க குடும்பம்; எனினும் எவ்வளவு செல்வம் இருந்தும் வாங்குவதற்கு அன்று மருந்தே இல்லை. அந்நோய் கண்டவர் பிழைப்பது ஏறத்தாழ இல்லை என்றிருந்த காலம் அது. ஐந்தாண்டுகள் கழித்து, 1949-இல், அவனுடைய பெற்றோர் ருடால்ஃபும் அன்டோனெட்டும் மகனின் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். வால் தெருவில் ஒரு சிறு அலுவலகம், ஒருசில தொண்டர்கள், குறைந்த நிதி: அவ்வளவே தொடக்கம்.

நம்பிக்கையின் முதற்கீற்று அதற்கு முந்திய ஆண்டில்தான் தென்பட்டிருந்தது. பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் சிறிது காலமேனும் தணிந்ததை 1948-இல் அறிவித்தார். அம்மருந்தைத் தந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் கடல் கடந்து மேற்படிப்புக்குச் செல்லத் துணைநின்றவை இரண்டு: மாமனார் திரட்டித் தந்த பணம்; காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தரும நிதி அளித்த வாக்குறுதி. ஒரு சிற்றூர் மாணவனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு, முன்பின் அறியாத குழந்தைகளின் மருந்தாயிற்று. கொடுப்பவர் அறியாத தொலைவுக்கும் கொடை நடந்து செல்கிறது.

சிலருக்கே வரும் நோய்

இரத்தப் புற்றுநோயில் பல வகைகள் உள. அவற்றுள் நாட்பட்ட மைலாய்டு வகை ஆண்டுதோறும் 1,00,000 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டுமே வருகிறது. 1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் இந்நோயாளிகளின் அணுக்களில் இயல்பைவிடச் சிறுத்த குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் முறிந்து தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதே இதன் காரணம் என்று 1973-இல் ஜேனட் ரௌலி அம்மையார் கண்டறிந்தார். அந்தத் தவறான ஒட்டில் பிறக்கும் புரதம் வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. அதை மட்டும் அடக்கும் மருந்து கிடைத்தால் நோய் அடங்கும்.

அத்தகைய மருந்தைச் சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனமொன்றில் நிக்கலஸ் லைடனும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அமெரிக்க மருத்துவர் பிரையன் ட்ருக்கர் அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, நோயாளிகளுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று வாதாடினார். இவ்வளவு குறைந்த பேருக்கு வரும் நோய்க்கு மருந்து செய்வதால் ஆதாயம் உண்டோ என்னும் தயக்கம் நிறுவனத்திற்குள் இருந்தது. ட்ருக்கரின் ஆய்வுக்கு நிதியளித்தோருள், சிறுவன் ராபர்ட்டின் பெயரில் தொடங்கி, பின்னர் அமெரிக்க லுகேமியா சங்கமாக வளர்ந்த அந்த அறக்கட்டளையும் ஒன்று.

1998 ஜூன் மாதம் முதல் நோயாளி இம்மருந்தை உட்கொண்டார். போதிய அளவு மருந்து பெற்ற 54 பேருள் 53 பேரின் இரத்தம் இயல்புநிலைக்குத் திரும்பியது. செய்தி பரவவே மருந்து போதவில்லை. கனடா நாட்டு நோயாளி ஒருவர் 1999-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி நிறுவனத் தலைவருக்கு அனுப்பினார், உற்பத்தி பெருகியது. 2001 மே 10 அன்று இமாட்டினிப் என்னும் அம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மாக்ஸின் தாய்

நம் கதைகளில் மாற்றாந்தாய் பெரும்பாலும் கொடியவளாகவே வருகிறாள். இவ்வரலாற்றில் வரும் மாற்றாந்தாய் வேறு. அர்ஜென்டினா நாட்டுச் சிறுவன் மாக்ஸ் ரிவரோலா இதே நோயால் 1991-இல், தன் 17-ஆம் வயதில் இறந்தான். அவனை மகனாக ஏற்றிருந்த பாட் கார்சியா கோன்சாலெஸ் அம்மையாரின் முயற்சியால் 1997-இல் அமெரிக்காவில் மாக்ஸ் அறக்கட்டளை தோன்றியது. மருந்து வந்தபின் எழுந்த கேள்வி, விலை கொடுக்க இயலாதவர் என் செய்வது என்பதே. நொவார்டிஸ் நிறுவனம் கொடையாகத் தந்த மருந்தை, மருத்துவர்கள் வழியாகப் பல நாட்டு நோயாளிகளிடம் சேர்க்கும் பணியை இவ்வறக்கட்டளை ஏற்றது. இந்தியாவில் மட்டும் பல்லாயிரவர் அதனால் உயிர் வாழ்ந்தனர். இதை நாம் நன்றியோடு குறிக்கவேண்டும்.

கொடையும் உரிமையும்

ஆயினும் வரலாறு இங்கு முடியவில்லை. மும்பையில் 1969-இல் தொடங்கிய புற்றுநோயாளர் உதவிச் சங்கம், நோயாளிகளுக்கு மருந்தும் துணையும் தந்துவந்த மற்றொரு தனியார் தொண்டமைப்பு. நொவார்டிஸ் கேட்ட காப்புரிமையை அது எதிர்த்தது. அந்நிறுவனத்தின் மருந்து மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து 10,000 ரூபாய்க்கும் குறைவு. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தைத் தள்ளியது. நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2007-இல் அங்கும் தோற்றது. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் கோரிக்கையை மறுத்தது. முன்பே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டதென்று நிறுவப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

நம் நோயாளிகளுள் மிகப் பலருக்கு இலவசமாகவே தருகிறோமே என்றது நிறுவனம். அது பொய்யன்று. ஆனால் கொடை கொடுப்பவரின் விருப்பத்தில் நிற்பது. நாளை அவர் மனம் மாறினால் நோயாளி யாரிடம் முறையிடுவார்? கட்டுப்படியாகும் விலை எவருடைய இரக்கத்தையும் எதிர்பார்ப்பதில்லை. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலேயே 2001-இல் ஆண்டுக்கு 30,000 டாலராக இருந்த விலை 2012-இல் 92,000 டாலராயிற்று. மருந்துக்காகப் பாடுபட்ட ட்ருக்கர் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ வல்லுநர்கள் 2013-இல் ஒன்றுகூடி இதைக் கண்டித்து எழுதினர்.

ஆகவே இரு அறக்கட்டளைகளுள் எது சரி என்று நாம் தீர்ப்பிடத் தேவையில்லை. ஒன்று இன்றிரவுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்தது. மற்றொன்று நாளைய மாத்திரைக்காக நீதிமன்றப் படியேறியது. முன்னது இல்லையேல் நோயாளி தீர்ப்பு வரும்வரை பிழைத்திரான். பின்னது இல்லையேல் என்றென்றும் கையேந்தி நின்றிருப்பான். ஈகை நீதிக்கு மாற்றாகாது. நீதி வரும்வரை ஈகை காத்திருக்கவும் கூடாது.

ராபர்ட்டும் மாக்ஸும் அந்த மாத்திரையைக் கண்டதில்லை. அவர்களுடைய பெற்றோர் அதை யார் யாருக்கோ தேடித் தந்தார்கள். அடுத்த நினைவுநாளுக்குக் கணக்குப் போடும்போது, பெரிய மருத்துவமனையின் வாசலில் தங்க இடமின்றிப் படுத்திருக்கும் வெளியூர் நோயாளி ஒருவருக்கும் அதில் ஒரு வரி ஒதுக்குவோம்.