இரட்சிப்பின் நிச்சயம்

தாம் மீட்கப்பட்டதை ஒரு கிறிஸ்தவர் இம்மையிலேயே ஐயமின்றி அறிந்திருப்பது. ரோமர் 8:16, 1 யோவான் 5:13 ஆகிய வசனங்கள் ஆதாரமாகக் காட்டப்படும். தனி வெளிப்பாடு இல்லாமல் எவரும் தம் முடிவைப் பற்றி முழு உறுதி கொள்ள முடியாது என்றது கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் (1547). சீர்திருத்தச் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ (1646) இந்த நிச்சயம் கிட்டும் என்றது. அந்த நிச்சயம் தளர்வதும் உண்டு என்றும் ஒப்புக்கொண்டது.

வைணவராகப் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பாடினார். பனியன் கதையில், சிலுவையருகே யாத்திரிகனின் முதுகுச் சுமை கழன்று உருண்டோடுகிறது. முத்திரையிட்ட சுருள் ஒன்று கைக்கு வருகிறது. அந்தச் சுருள்தான் நிச்சயம். மலையேறும் வழியில் நிழலில் கண்ணயர்ந்து அதை நழுவவிடுகிறான். பிறகு அழுதபடியே திரும்பி வந்து எடுக்கிறான். சுருள் தொலைந்தபோதும் சுமை மீண்டும் முதுகில் ஏறவில்லை.

சுவிசேஷக் கூட்டத்தார் கேட்பது, "இரட்சிக்கப்பட்டீர்களா?" என்பதே. பதிலுக்குத் தேதி சொல்வோர் உண்டு. மெதடிஸ்து இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி, தமக்கு இந்த நிச்சயம் கிட்டிய நேரத்தையே குறித்துவைத்தார்: 1738 மே 24, இரவு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி.