பாலம்: தலைநகரின் வான்வாயில்

தலைநகருக்குப் புதிதாக வந்து குடியேறும் தமிழருக்குப் ‘பாலம்’ என்னும் பெயர் ஒரு மயக்கத்தை உண்டாக்குவது இயல்பு. ஆறு எங்கே, அதன்மேல் கட்டிய பாலம் எங்கே என்று கேட்கத் தோன்றும். டில்லியின் தென்மேற்கே ஆறும் இல்லை, பாலமும் இல்லை. பாலம் என்பது அங்குள்ள ஒரு பழஞ்சிற்றூரின் பெயர். அங்குக் கிடைத்த வடமொழிக் கல்வெட்டொன்று, சுல்தான் பால்பன் காலத்தில், 1276-ஆம் ஆண்டில், ஊரார்க்கெனப் படிக்கிணறு எடுக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. மொகலாயப் பேரரசு நலிந்த நாளில், ‘ஷா ஆலம் மன்னரின் ஆட்சி டில்லியிலிருந்து பாலம் வரைதான்’ என்று மக்கள் எள்ளி நகையாடினர். ஒரு பேரரசின் குறுகிய எல்லைக்கு அடையாளமாக நின்ற அவ்வூரே, பிற்காலத்தில் இந்நாட்டின் பெருவாயிலாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

தலைநகரின் முதல் விமான நிலையம் பாலத்தில் அமையவில்லை. சப்தர்ஜங் கல்லறை மாடத்தை அடுத்த வெளியில், வில்லிங்டன் பிரபுவின் பெயர் தாங்கிய விமானத் திடல் ஒன்று இருந்தது. லண்டனிலிருந்து கராச்சி வரை வந்துகொண்டிருந்த வான்வழி 1929-ஆம் ஆண்டின் இறுதியில் டில்லி வரை நீண்டது. சென்னைக்கோ, வான்வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை அஞ்சலைக் கொணர்ந்தார். நெவில் வின்சென்ட் அதனைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். இரு நகரங்களின் அஞ்சலும் ஒன்றுகூடும் ஏற்பாடு விடுதலைக்குப் பின்னரே, 1949-இல் வாய்த்தது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நாகபுரியில் கூடி, அஞ்சற் பைகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் திரும்பின. ஊர்க் கடிதத்தை எதிர்நோக்கி வாழ்ந்த தலைநகர்த் தமிழருக்கு அந்த நள்ளிரவுச் சந்திப்பு எத்துணை பெரிய உதவி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில அரசின் விமானப்படை பாலத்தில் ஒரு தளம் அமைத்தது. 1947 அக்டோபர் 27-ஆம் நாள் காசுமீரத்தைக் காக்க விரைந்த படைவீரர்களை ஏற்றிய டக்கோட்டா விமானங்கள் டில்லியிலிருந்தே எழுந்தன. நாளடைவில் நகரம் சப்தர்ஜங்கைச் சூழ்ந்துகொண்டது. பெருவிமானங்களுக்கு வேண்டிய நீண்ட ஓடுபாதைக்கு அங்கு இடமில்லை. ஆகவே 1962-இல் பயணிகள் போக்குவரத்துப் பாலத்திற்கு மாறியது. அங்கிருந்த பழைய கட்டடம் மணிக்கு ஏறத்தாழ 1,300 பேரையே ஏற்கவல்லது. பயணிகள் பெருகவே, அயல்நாட்டுப் போக்குவரத்திற்கெனப் புதிய முனையம் எழுந்தது. 1986 மே 2-ஆம் நாள் அது திறக்கப்பட்டபோது, நிலையம் இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையம் என்னும் பெயர் பெற்றது.

கட்டடங்களின் வரலாறு இவ்வளவே. ஆயின், ஒரு விமான நிலையத்தின் உண்மை வரலாறு கட்டடங்களில் இல்லை; கண்ணுக்குப் புலப்படாத ஒழுங்குமுறைகளிலேயே அது அடங்கியுள்ளது. அவ்வொழுங்குகளுட் பல கண்ணீர் கொடுத்துப் பெற்றவை.

1973 மே 31-ஆம் நாள் இரவு, சென்னையிலிருந்து 65 பேருடன் வந்த போயிங் விமானம், வானிலை கெட்டிருந்த வேளையில், ஓடுபாதையை எட்டுமுன் மின்கம்பிகளில் மோதி வீழ்ந்தது. 48 பேர் மாண்டனர். மத்திய அமைச்சராயிருந்த மோகன் குமாரமங்கலம் அவர்களுள் ஒருவர். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில், குறித்த உயரத்திற்கும் கீழே விமானம் இறங்கிவிட்டது. ‘ஓடுபாதை தெரியாவிடில் மேலெழுக’ என்னும் எளிய விதியின் விலை எவ்வளவு என்பதை டில்லித் தமிழர் அன்று உணர்ந்தனர்.

1996 நவம்பர் 12-ஆம் நாள், டில்லியிலிருந்து எழுந்த சவூதி விமானமும், டில்லியை நோக்கி இறங்கிய கசக்ஸ்தான் விமானமும் அரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரியின் மேலே மோதிக்கொண்டன. 349 பேருள் ஒருவரும் பிழைத்திலர். வருவதும் போவதும் அந்நாளில் ஒரே வான்பாதையில் நிகழ்ந்தன. ஒன்றுக்கு 15,000 அடியும், மற்றதற்கு 14,000 அடியும் உயரம் குறிக்கப்பட்டிருந்தது. இறங்கி வந்தது தன் எல்லையைக் கடந்துவிட்டது. தரையிலிருந்த ராடார் விமானத்தின் திசையையும் தொலைவையும் காட்டிற்றே யன்றி, உயரத்தைக் காட்டவில்லை. அதன் பின்னரே வரவுக்கும் போக்குக்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ராடார் இயங்கத் தொடங்கியது. மோதலை முன்னறிந்து எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயமாயிற்று.

மார்கழி, தை மாதங்களில் டில்லியை மூடும் பனிமூட்டத்தை நாம் நன்கறிவோம். அதனை வெல்லவும் ஒரு முறை உண்டு. ஓடுபாதையின் நடுக்கோட்டை ஒரு வானொலி அலையும், இறங்கவேண்டிய சரிவை மற்றோர் அலையும் விமானத்திற்குக் காட்டுகின்றன. பாதையோரக் கருவிகள் பார்வைத் தொலைவை இடையறாது அளக்கின்றன. தக்க கருவியும் பயிற்சி பெற்ற விமானியும் இருப்பின், 50 மீட்டர் பார்வையிலும் இறங்கலாம். எழும்புவதற்கோ 125 மீட்டர் வேண்டும். ஏனெனில் இறக்கத்தைக் கருவி நடத்துகிறது, ஏற்றத்தை விமானியின் கண்ணே நடத்துகிறது. வந்த விமானம் மீண்டும் புறப்பட இயலாது காத்துக்கிடப்பதன் காரணம் இதுவே.

2006-இல் நிலையத்தின் நிர்வாகம் தனியார் பங்குபெற்ற ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2008-இல் 4,430 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையும், 2010 ஜூலையில் மூன்றாம் முனையமும், 2023-இல் நான்காம் ஓடுபாதையும் திறக்கப்பட்டன. 2023-24-இல் இவ்வழியே சென்று வந்தோர் 7 கோடியே 30 லட்சத்திற்கும் மேற்பட்டோர்.

ஒளிவிளக்குகளும் பளிங்குத் தரையும் கண்டு நாம் வியக்கிறோம், வியப்பது தவறன்று. ஆயினும், கோபுரத்தில் விழித்திருந்து உயரத்தையும் தொலைவையும் கணிப்போரையும், உயிர் துறந்து அவ்வொழுங்கைக் கற்பித்தோரையும் அப்பொழுது நினைத்தல் நம் கடன். விடுமுறைக்கு ஊர் செல்லும் தமிழன் சில மணி நேரத்தில் தாயின் முகம் காண்கிறான். பெயரளவில் மட்டும் பாலமாயிருந்த ஊர், இன்று பொருளாலும் பாலமாகிவிட்டது.