மொசில்லா வணிகக்குறிக் கொள்கை

மொசில்லா வணிகக்குறிக் கொள்கை என்பது மொசில்லா, பயர்பாக்ஸ், தண்டர்பேர்ட் முதலிய பெயர்களையும் அவற்றின் சின்னங்களையும் பிறர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் விதிகளின் தொகுப்பு ஆகும். பயர்பாக்ஸ் உலாவியின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றது. எவரும் அதனைப் படியெடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கு வழங்கலாம். ஆனால் மாற்றப்பட்ட மென்பொருளைப் பயர்பாக்ஸ் என்ற பெயரிலேயே வழங்குவதற்கு மொசில்லாவின் அனுமதி தேவை. இக்காரணத்தால் டெபியன் லினக்ஸ் வழங்கலில் இவ்வுலாவி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஐஸ்வீசல் என்னும் வேறு பெயரில் வெளிவந்தது.

பதிப்புரிமையும் வணிகக்குறியும்

மென்பொருள் ஒன்றின் மூலநிரலைப் பதிப்புரிமைச் சட்டமும், அதன் பெயரையும் சின்னத்தையும் வணிகக்குறிச் சட்டமும் காக்கின்றன. கட்டற்ற உரிமங்கள் பெரும்பாலும் பதிப்புரிமை தொடர்பானவை. 2004 இல் வெளியான அப்பாச்சி உரிமத்தின் 2.0 பதிப்பும், 2012 இல் வெளியான மொசில்லா பொது உரிமத்தின் 2.0 பதிப்பும் வணிகக்குறிகளுக்கான உரிமையைத் தாம் வழங்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகின்றன.

வணிகக்குறியின் நோக்கம், ஒரு பொருள் யாரிடமிருந்து வருகின்றது என்பதைப் பயனர் அறியச் செய்வதாகும். உளவு நிரல் சேர்க்கப்பட்ட உலாவி ஒன்றை எவரேனும் பயர்பாக்ஸ் என்ற பெயரில் வழங்கினால், மூலநிரலின் உரிமம் மட்டும் அதனைத் தடுக்காது. பெயரின் மீதான உரிமையே அதனைத் தடுக்க உதவும்.

பெயர் வரலாறு

பெயர் தொடர்பான சிக்கல்களை மொசில்லா திட்டமும் எதிர்கொண்டுள்ளது. இவ்வுலாவி 2002 இல் பீனிக்ஸ் என்ற பெயரில் வெளியானது. பீனிக்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் வணிகக்குறி காரணமாக 2003 இல் பயர்பேர்ட் எனப் பெயர் மாற்றப்பட்டது. அதே பெயரில் ஒரு கட்டற்ற தரவுத்தளத் திட்டம் இருந்தமையால் எதிர்ப்பு எழுந்தது. 2004 பெப்ரவரியில் பயர்பாக்ஸ் என்ற பெயர் சூட்டப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 9 இல் 1.0 பதிப்பு வெளியானது.

செயற்படும் முறை

மொசில்லா வெளியிடும் உலாவியை மாற்றமின்றி அப்படியே பிறருக்கு வழங்குவோர் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தலாம். மூலநிரலை மாற்றித் தொகுப்போர் அனுமதி பெறவேண்டும் அல்லது வேறு பெயர் சூட்டவேண்டும். இதற்கேற்ப மூலநிரலிலேயே வசதி செய்யப்பட்டுள்ளது. அதிகாரபூர்வச் சின்னத்திற்கான தெரிவை இயக்காமல் தொகுத்தால், பயர்பாக்ஸ் என்ற பெயரும் நரி உருவமும் இல்லாத உலாவியே கிடைக்கும். 2.0 பதிப்பிற்கு இவ்வாறு அமைந்த பெயர் போன் எக்கோ என்பதாகும்.

டெபியனுடனான பிணக்கு

பயர்பாக்ஸ் சின்னத்தின் ஓவியம் அக்காலத்தில் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்படவில்லை. டெபியனின் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளின்படி அத்தகைய ஓவியத்தை முதன்மை வழங்கலில் சேர்க்க இயலாது. எனவே டெபியன் பயர்பாக்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு, நரி இல்லாத உலக உருண்டைச் சின்னத்தைப் பயன்படுத்தியது. 2006 பெப்ரவரியில் மொசில்லா சார்பில் டெபியனுக்கு ஒரு வழு அறிக்கை அனுப்பப்பட்டது. பெயரைப் பயன்படுத்துவோர் சின்னத்தையும் பயன்படுத்தவேண்டும் என்று அது கோரியது. பின்னர் டெபியன் செய்யும் திருத்தங்களுக்கும் மொசில்லாவின் ஒப்புதல் வேண்டும் எனக் கேட்கப்பட்டது.

டெபியனுக்கு இரண்டாவது கோரிக்கையே பெருஞ்சிக்கலாக அமைந்தது. 2005 சூனில் வெளியான டெபியன் 3.1 இல் பயர்பாக்ஸ் 1.0.4 இடம்பெற்றிருந்தது. மொசில்லா 1.0 வரிசைக்கான திருத்தங்களை 2006 ஏப்ரலுடன் நிறுத்திக்கொண்டது. டெபியனின் நிலையான பதிப்போ பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருப்பது. அதில் புதிய பதிப்பைப் புகுத்தாமல், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய மூலநிரலில் சேர்ப்பது டெபியனின் வழக்கம். அத்தகைய திருத்தம் ஒவ்வொன்றிற்கும் வெளியார் ஒப்புதலுக்காகக் காத்திருந்தால் பயனர்களின் கணினிகள் பாதுகாப்பற்று இருக்கும். மேலும், டெபியனுக்கு மட்டும் வழங்கப்படும் சிறப்பு உரிமத்தை ஏற்க அதன் நெறிகளின் 8 ஆம் பிரிவு இடந்தரவில்லை.

மாறாக, மாற்றிய மென்பொருளுக்கு வேறு பெயர் சூட்டவேண்டும் என உரிமம் கோருவதை அந்நெறிகளின் 4 ஆம் பிரிவு ஏற்கின்றது. எனவே டெபியன் பெயரை மாற்றியது.

ஐஸ்வீசல்

பயர்பாக்ஸ் என்பதில் உள்ள தீ, நரி என்னும் சொற்களுக்கு எதிராகப் பனிக்கட்டியையும், கீரியை ஒத்த சிறு விலங்கான வீசலையும் சேர்த்து ஐஸ்வீசல் என்ற பெயர் வேடிக்கையாக உருவாக்கப்பட்டது. தண்டர்பேர்ட் ஐஸ்டவ் எனவும், சீமங்கி ஐஸ்ஏப் எனவும் மாற்றப்பட்டன. 2007 ஏப்ரல் 8 இல் வெளியான டெபியன் 4.0 இல் இப்பெயர்களே இடம்பெற்றன. டெபியனிலிருந்து உருவான உபுண்டு, பயர்பாக்ஸ் என்ற பெயரையும் சின்னத்தையும் தொடர்ந்து பயன்படுத்தியது.

தீர்வு

காலப்போக்கில் பிணக்கின் காரணங்கள் ஒவ்வொன்றாக நீங்கின. சின்னத்தின் ஓவியம் கட்டற்ற பதிப்புரிமை உரிமத்தில் வெளியிடப்பட்டது. மொசில்லா 2012 இல் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தொடங்கியது. 2013 முதல் டெபியனின் நிலையான பதிப்பும் அதனைப் பின்பற்றியது. டெபியனின் திருத்தங்கள் உலாவியின் தரத்தைக் குறைக்கவில்லை என்பதை மொசில்லா 2016 இல் ஏற்றுக்கொண்டது. அதே வகைத் திருத்தங்களைச் செய்யும் டெபியன் வழிவந்த வழங்கல்களும் பெயரைப் பயன்படுத்தலாம் என்று தெளிவுபடுத்தப்பட்டது. அவ்வாண்டே பயர்பாக்ஸ் தன் பெயருடன் டெபியனுக்குத் திரும்பியது. தண்டர்பேர்ட் 2017 இல் திரும்பியது.

பிற திட்டங்கள்

டெபியனும் தனக்கென ஒரு வணிகக்குறிக் கொள்கையை 2013 இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் தன் சுருள்வடிவச் சின்னத்தைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. எனவே அச்சின்னத்தின் ஓவியத்தை எவரும் மாற்றலாம். ஆனால் அதனைக் காட்டித் தம்மை டெபியன் எனக் கூறிக்கொள்ள இயலாது. லினக்ஸ் என்ற பெயரைத் தொடர்பற்ற ஒருவர் ஐக்கிய அமெரிக்காவில் பதிவு செய்தமையால் எழுந்த வழக்கு 1997 இல் முடிவுற்று, அப்பெயர் லினசு டோர்வால்டிசிடம் ஒப்படைக்கப்பட்டது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலிலிருந்து 2004 இல் உருவான சென்ட்ஓஎஸ், ரெட் ஹாட்டின் பெயரையும் சின்னங்களையும் நீக்கிய பின்னரே வழங்கப்பட்டது.