முற்றமும் அழுத்தமும்: திருவனந்தபுரத் தரைகளின் ஒரு சிறு வரலாறு

மழைக்காலம் ஓய்ந்ததும் திருவனந்தபுரத்தின் குடியிருப்புத் தெருக்களில் ஓர் இரைச்சல் எழும். பாசி படிந்த முற்றத்தையும் சேறு அப்பிய காரையும் பிரஷர் வாஷர் கழுவும் இரைச்சல் அது. எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்று நண்பர்கள் சிலர் அண்மையில் என்னிடம் கேட்டனர். வரலாற்று ஆய்வாளனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. எண்ணிப் பார்க்கையில், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நீர் விழும் தரையே என்பது விளங்கியது. தரைக்கு வரலாறு உண்டு.

பழைய திருவிதாங்கூர் வீட்டின் முற்றம் மண் முற்றம். அதிகாலையில் ஈர்க்குமாற்றால் பெருக்கினால் போதும். மழைநீரை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். கரமனை, வலியசாலைத் தமிழ் அக்ரகாரங்களில் வாசலுக்கு ஒரு செம்பு நீர் தெளித்துக் கோலமிடுவர். பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையோ ஈரத்துணியால் துடைத்தாலே முகம் காட்டும். மூன்றும் மூன்று விதமான தரைகள். எனினும் மிகக் குறைந்த நீரில் தூய்மை பெறுவது மூன்றுக்கும் பொது. கிணற்றிலிருந்து கையால் இறைத்த காலத்தில் வேறு வழியும் இல்லை.

1933-இல் இந்நிலை மாறத் தொடங்கியது. அருவிக்கரையில் கரமனை ஆற்றைத் தடுத்து நகருக்குக் குழாய்நீர் கொண்டுவந்த திட்டத்தை வைசிராய் வில்லிங்டன் பிரபு தொடங்கிவைத்தார். சித்திரைத் திருநாள் மகாராஜா அரியணையில் இருந்த காலம் அது. தேவை பெருகவே, அதே ஆற்றின் மேற்பகுதியில் பேப்பாறை அணை 1983-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிப்பதற்கெனச் சுத்திகரித்த அந்த நீரே இன்று பல வீடுகளில் காரையும் கழுவுகிறது.

அடுத்த மாற்றம் தரையில் நேர்ந்தது. கார் நிறுத்தவும் கால் சேறாகாமல் இருக்கவும் முற்றங்களில் சிமெண்ட் இன்டர்லாக் கற்கள் பதிக்கப்பட்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை, இரு பருவங்களிலும் பெய்யும் ஊர் இது. நுண்துளைகள் கொண்ட சிமெண்ட் கல் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, பாசி படர்கிறது, முதியோர் வழுக்கி விழுகின்றனர். துடைப்பத்துக்கு அசையாத இந்தப் பாசிதான் இயந்திரத்தை வீட்டுக்கு அழைத்துவந்தது.

இயந்திரம் பிறந்த கதையோ வேறு. 1927-இல் அமெரிக்கரான பிராங்க் ஒஃபெல்ட் நீராவி அழுத்தக் கழுவியை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில், அமெரிக்கப் படையின் நீராவிக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த கார்ச்சர் நிறுவனம் 1950-இல் வெந்நீர் உயரழுத்தக் கழுவியை வெளியிட்டது. வீட்டார் தூக்கிச் செல்லத்தக்க சிறு வடிவத்தை அந்நிறுவனம் 1984-இல்தான் கொண்டுவந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரும்பையும் எந்திரங்களையும் கழுவப் பிறந்த கருவி நம் முற்றத்துக்கு வந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

அதன் ஆற்றலை ஒரு கணக்கால் உணரலாம். பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். மாடித் தொட்டியிலிருந்து நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதற்கும் குறைவே. வீட்டு உபயோக இயந்திரங்கள் 100 முதல் 130 பார் வரை தருவன. 100 பார் வேண்டுமெனில் தொட்டியை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றவேண்டும்; 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையில் பாதிக்கும் மேல்! நீர்ச்செலவு மட்டும் குறைவு: நிமிடத்துக்குப் பத்து லிட்டர் பாயும் சாதாரணக் குழாய் மணிக்கு 600 லிட்டர் கொட்டுகையில், இது 350 முதல் 450 லிட்டரில் முடித்துவிடும்.

இக்கணக்கை அறியாமல் நான் ஒரு பிழை செய்தேன். அக்ரகாரத்தில் நான் குடியிருந்த பழைய வீட்டின் வெட்டுகல் படியில் பாசி படிந்திருந்தது. இரவல் வாங்கிய இயந்திரத்தின் கூர்முனையை அதன்மீது பாய்ச்சினேன். பாசியோடு கல்லின் மேற்பரப்பும் செந்நீராக ஓடிற்று. வீட்டுக்கார மாமி வெளியே வந்து பார்த்து, “கல்லை அலம்பத்தானே சொன்னேன், தோலை உரிக்கச் சொன்னேனா?” என்றார். அந்த ஒரு வரியில் நிலவியலே அடங்கியிருந்தது. மலபார் அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்டு 1807-இல் வெளியான தம் நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்ட பிரான்சிஸ் புக்கானன், வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டு இறுகும் அதன் இயல்பைக் குறித்திருக்கிறார். இறுகிய புறத்தோலே அதன் காப்பு. உரிந்தால் மீளாது.

ஆகவே கேட்ட நண்பர்களுக்கு என் விடை: இயந்திரத்தின் பார் அளவைப் பார்க்குமுன் தரையைப் பாருங்கள். இன்டர்லாக் கல்லுக்கும் காருக்கும் 100 முதல் 120 பார் போதும். காருக்கு அகன்று விரியும் 40 பாகை முனையை இடுங்கள். டயருக்கும் பெயிண்டுக்கும் குறைந்தது 30 சென்டிமீட்டர் விலகி நில்லுங்கள். ஒற்றைக் கோடாகப் பாயும் பூச்சியப் பாகை முனையைத் தொடவேண்டா. இன்டர்லாக் கற்களைச் சாய்வாக நீர் பாய்ச்சிக் கழுவி, இடுக்கிலிருந்து வெளியேறிய மணலை மீண்டும் நிரப்புங்கள். இல்லையேல் கற்கள் ஆட்டம் காணும். வாளியிலிருந்து நீர் உறிஞ்சும் வசதி இருந்தால் சேமித்த மழைநீரே போதும். வெட்டுகல், சுண்ணாம்புச் சாந்து, பழைய மரம் ஆகியவற்றுக்கு நார்த்தூரிகையும் பொறுமையுமே கருவிகள்.

கல்வெட்டுப் பயில்வோருக்கு மட்டும் ஒரு சொல். தமிழகக் கோயில்களில் மணல்வீச்சு முறையால் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்ததைத் தொல்லியலாளர் பலமுறை கண்டித்துள்ளனர். அங்கும் நோக்கம் தூய்மைதான். அழுக்கு என்று நாம் நினைப்பதற்கும் ஆவணத்துக்கும் இடையே சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. உங்கள் ஊரில் பழங்கல் ஒன்று வீட்டுப்படியாகவோ துணி துவைக்கும் கல்லாகவோ கிடந்தால், கழுவுமுன் ஒரு படமெடுத்து வையுங்கள்.

மாமியின் படி இன்றும் அங்கேதான் இருக்கிறது. நான் உரித்த இடம் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் சற்றே குழிந்து வருகிறது.